ஆண்டவரோடு தனித்திருக்க

(நம் பங்கின் பொன்விழா நவநாளில், நான்காம் நாள் மாலை நற்கருணை ஆராதனையின்போது பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் காணும் பங்கின் பொறுப்புகள் என்னும் பொருளில் இன்று மாலை பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டிருந்தார்கள். குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். நேற்றிரவு இந்தக் கோயிலில் நடந்த ஒரு சிறு சம்பவம் அந்தத் தாளை மடித்து வைத்துவிடும்படி செய்துவிட்டது. பொறுப்புகளைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவற்றைச் சொல்ல இன்னும் ஐந்து நாள்கள் இருக்கின்றன, பேச்சாளர்களும் இருக்கின்றார்கள்.

நேற்று நவநாள் செபத்தின் நடுவில் மின்சாரம் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டரை இயக்கும் தம்பி அந்த நேரம் பார்த்துத் தேநீர் அருந்தச் சென்றிருந்தார். விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் ஓய்ந்தன. சாலை முனை வரை நாம் கட்டியிருக்கின்ற பதினாறு கூம்பு ஒலிபெருக்கிகளும் ஒரே நொடியில் வாயடைத்துப் போயின. பீடத்தின்மேல் இரண்டு மெழுகுவர்த்திகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பனைகளில் ஓலை உரசும் சத்தத்தை நான் அப்போது கேட்டேன். இந்தப் பங்குக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கோயிலுக்குள் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தை நான் கேட்டது நேற்றுதான் முதல் முறை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்? பாடகர் குழுவில் ஒருவர் இரண்டு நிமிடம் என்கிறார். கோயில்பிள்ளையோ அவ்வளவுகூட இல்லை என்கிறார். அதற்குள்ளாகவே ஆங்காங்கே இருமல் கிளம்பிற்று. கைப்பேசி வெளிச்சங்கள் மின்மினிபோல் தோன்றின. திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார்கள். பின்பு ஒரு குரல் உரத்த தொனியில் செபமாலையைத் தொடங்கிற்று. எல்லாரும் ஆறுதலடைந்தவர்களைப்போல் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டீர்கள். சற்று நேரத்தில் மின்சாரமும் வந்துவிட்டது.

செபமாலையைத் தொடங்கிய அந்தக் குரல் என்னுடையது.

சாமி பக்தியினால் தொடங்கினார் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இன்று காலையில் ஒரு தாயார் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். ஆண்டவர் சந்நிதியில் நின்று பேசுகிறபடியால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. மக்கள் எழுந்து போய்விடுவார்களோ என்ற அச்சம் ஒரு பாதி. மறுபாதி வேறு. சொல்வதற்குச் சொல்லில்லாமல், வாசிப்பதற்குப் புத்தகமில்லாமல், ஆண்டவர் முன்னிலையில் சும்மா நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. குருவாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. செபத்தைப்பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்பேன்! எனினும் இரண்டு நிமிட மௌனம் என்னைப் பயமுறுத்திவிட்டது. இரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

குருமடத்தில் நாங்கள் பழகியது வேறு விதமாக. இரவுச் செபம் முடிந்து மணி அடித்தால், மறுநாள் காலைத் திருப்பலி முடியும் வரையில் பேரமைதி. ஒருவரோடொருவர் பேசக்கூடாது. அது அப்போது எங்களுக்கு ஒழுங்கு விதியாகத்தான் தெரிந்தது. அதை மீறுவதில் ஒரு சிறுபிள்ளை மகிழ்ச்சியும் இருந்தது. ஒரு முறை எட்டு நாள் ஞான ஒடுக்கம். மூன்றாம் நாளில் ஆன்ம குருவிடம் போய், "சுவாமி, என்னால் செபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் என் தகப்பனார் பட்ட கடனும், அவரிடம் நான் கோபித்துக்கொண்டு வந்ததும்தான் வருகிறது" என்றேன். அவர் என்னை அந்த நினைவை விரட்டச் சொல்லவில்லை. அதையே எடுத்துக்கொண்டு போய் ஆண்டவருக்கு முன்னால் வைத்துவிட்டு உட்காரும்படி சொன்னார். அன்று மாலை தகப்பனாருக்குக் கடிதம் எழுதினேன். அந்த எட்டு நாள்களில் நான் செய்த ஒரே உண்மையான செபம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பங்குப் பணிக்கு வந்தபின் அந்தப் பாடத்தைத் தொலைத்துவிட்டேன். வேலை மிகுந்தது என்பது நான் சொல்லிக்கொள்ளும் காரணம்.

நம்முடைய வழிபாட்டையே பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், வழிபாட்டில் உரிய நேரங்களில் புனித மௌனம் காக்கப்பட வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. திருப்பலியில் குரு "மன்றாடுவோமாக" என்று அழைத்தபின் சிறிது நேரம் அமைதியாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தம் மன்றாட்டை மனத்துக்குள் எடுத்துரைக்கிறார்கள்; குரு அவற்றையெல்லாம் திரட்டி ஒப்புக்கொடுக்கிறார். நான் என்ன செய்கிறேன்? "மன்றாடுவோமாக" என்று சொல்லி மூச்சு விடுமுன் அடுத்த வரியைத் தொடங்கிவிடுகிறேன். உங்கள் மன்றாட்டுகளை நான் திரட்டவே இல்லை. அவற்றை நீங்கள் எடுத்துரைக்க இடமே கொடுக்கவில்லை. நன்மை வாங்கியபின்போ பாட்டு, அறிவிப்பு, மறுபடியும் பாட்டு. ஆண்டவர் வீட்டுக்குள் வந்த அந்த நேரத்தில்தான் நமக்குச் சந்தா பாக்கிப் பட்டியல் வாசிக்க வேண்டியிருக்கிறது!

"தியானம்" என்னும் அருமையான சொல்லுக்கு நாம் செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் வருத்தப்படக் கூடாது. மூன்று நாள் தியானம் என்று சுவரொட்டி ஒட்டுகின்றோம். பெரிய பந்தல், இசைக்கருவிகள், விடாத பேச்சு, கைத்தட்டல். நல்லவைதாம், எத்தனையோ உள்ளங்கள் அங்கே ஆறுதல் பெறுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் மூன்று நிமிடமாவது தியானம் உண்டா?

நம் சத்தம் நம்மோடு நின்றுவிடுவதும் இல்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. பிறருடைய அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் செபிக்க வேண்டுமென்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அந்த வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் செபக் கூட்டத்துச் சத்தத்தைப் பற்றியது. கதவை அடைத்துக்கொண்டு மறைவில் உள்ள தந்தையிடம் செபிக்கும்படி கற்பித்தவரின் சீடர்களுக்கு, இதை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியதாயிற்று. பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கின்ற பிள்ளைகள் இருக்கின்றார்கள். அவர்களில் பலர் நம் சமயத்தவர் அல்லர். நம் பதினாறு கூம்புகளும் ஆண்டவரைப்பற்றி அவர்களுக்கு என்ன நற்செய்தியைச் சொல்கின்றன? விழாக் குழுவினர் இதைப்பற்றி நாளை என்னோடு பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இருந்தாலும், வெளிச்சத்தத்தை நிறுத்திவிட்டால் உள்ளம் அமைதியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இறைவாக்கினர் எலியாவின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடியவர் அவர். நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலைக் குகையை அடைந்தார். பெருங்காற்று வந்தது, நிலம் நடுங்கிற்று, தீ எழுந்தது. அவற்றில் ஆண்டவர் இல்லை. அதன்பின் மெல்லிய ஓர் ஒலி. அதைக் கேட்டதும் எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். இதுவரைதான் நாம் வழக்கமாகச் சொல்வோம். அந்த அமைதியில் ஆண்டவர் அவரிடம் என்ன கேட்டார் என்பதை விட்டுவிடுகிறோம். இங்கே உனக்கு என்ன வேலை என்றல்லவா கேட்டார்! காற்றும் நடுக்கமும் தீயும் வருமுன் கேட்ட அதே கேள்வியை, அவை அடங்கியபின் மறுபடியும் கேட்டார். பயந்து ஓடிவந்த மனிதனிடம் கேட்பதற்கு இதைவிடச் சங்கடமான கேள்வி உண்டா?

அதனால்தான் நாம் அமைதிக்கு அஞ்சுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரம் இல்லை என்பது சாக்கு. நேரம் இருந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதை 2020 ஆம் ஆண்டு காட்டிக்கொடுத்துவிட்டது. மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தது. கோயில்களைப் பூட்டினோம். தெருவில் வண்டியில்லை, திருவிழா இல்லை, திருமணக் கொட்டு இல்லை. மார்ச்சு 27 ஆம் நாள் மாலை திருத்தந்தை பிரான்சிஸ், ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில், மழை பெய்துகொண்டிருக்க, தனியாக நடந்து வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேசி முடித்தபின் நற்கருணை நாதருக்கு முன்னால் அவர் பேசாமல் நின்றார். நானும் பார்த்தேன், கைப்பேசியில். பார்த்து முடித்ததும் அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அத்தனை மாதங்கள் கேளாமலே கிடைத்த அமைதியை நம் வீடுகள் எதைக் கொண்டு நிரப்பின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு ஓய்ந்தால் உள்ளே ஒன்று தலைதூக்கும். அண்ணன் தம்பிக்குள் பேசாமல் போன வருடங்கள், அடைக்காத கடன், மகளைப்பற்றிய கவலை, யாருக்கும் தெரியாத பாவம், இறந்துபோன பிள்ளையின் முகம். அதைச் சந்திக்க மனமில்லாமல்தான் தொலைக்காட்சியை ஓடவிட்டு உறங்குகிறோம்.

இந்த இடத்தில், நம் பங்கில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பனையேறி. கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். தலைவெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நன்மை கொண்டு போகும்போது அவர் வீடு ஏழாவது வீடு. அதற்குப்பின் இன்னும் ஐந்து. முதல் தடவை போனபோது நன்மை கொடுத்துவிட்டு, முடிவுச் செபத்தைச் சொல்லிக்கொண்டே பையை மூடினேன். கைப்பேசியும் ஒலித்தது. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, அவசரமோ?"

"இல்லை தாத்தா, சொல்லுங்கள்."

"சொல்ல ஒண்ணுமில்ல சாமி. ஆண்டவரு இப்பதான உள்ள வந்திருக்காரு. வந்தவர வாசல்ல நிறுத்திட்டு நாம பேசிக்கிட்டு இருக்கலாமா? செத்த நேரம் பேசாம இருங்க."

உட்கார்ந்தேன். வேறு வழியில்லை, கையை அவர் விடவில்லை. பத்து நிமிடம் இருக்கும். அதன்பின் அவராகவே கையை எடுத்து, "இனிப் போங்க சாமி" என்றார். வெட்கத்தோடு எழுந்து வந்தேன். அடுத்த மாதம் முதல் அவர் வீட்டை வரிசையில் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவரிடம், இப்படிச் செபிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். மரந்தான் என்றார். பதநீர்க் காலத்தில் நாளொன்றுக்கு நாற்பது மரம். காலையிலும் ஏற்றம், மாலையிலும் ஏற்றம். இடுப்பில் அரிவாள் பெட்டி. கீழே இருக்கும்வரை வீட்டுச் சண்டை, வியாபாரி கணக்கு, ஊர் வம்பு. பனையின் தலைக்கு ஏறிவிட்டால் காற்று மட்டும். கை பாளையைச் சீவும்; மனம் ஆண்டவரிடம் போய்விடும். கோயில் மணி கேட்டால் மூவேளைச் செபத்தை அங்கேயே சொல்வாராம். இதுவரை கேட்க இனிமையாக இருந்தது. அதன்பின் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய மூத்த மகன் பத்தொன்பது வயதில் இறந்துபோனான். வீட்டில் மனைவி கலங்கிக் கிடந்ததால் அவர் அழவில்லை. ஆண்பிள்ளை அழுதால் வீடு என்னாகும் என்று அடக்கிக்கொண்டார். மரத்தின் உச்சியில்தான் அழுதிருக்கிறார். அழுகை மட்டும் இல்லை, ஆண்டவரோடு சண்டை. ஒரு பருவம் முழுவதும், காலையிலும் மாலையிலும், மரத்துக்கு மரம் சண்டை.

"பதில் கிடைத்ததா தாத்தா?" என்று கேட்டேன்.

"ஏன் எடுத்தீருன்னு கேட்டேன். பதில் வரல சாமி. ஆனா கேக்க ஆள் இருந்தாரு" என்றார்.

குருமடத்தில் இறையியல் நூல்கள் பல படித்திருக்கிறேன். செபம் என்றால் என்ன என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2022 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள் உரோமையில் பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களில் நம் தேவசகாயம் ஒருவர் என்பது உங்களுக்குத் தெரியும். 1745 இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 1752 சனவரி 14 இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தவர். அதே நாளில் பட்டம் பெற்ற மற்றொருவர் பிரான்சு நாட்டுச் சார்லஸ் டி ஃபூக்கோ. படை அதிகாரியாக இருந்தவர். நாசரேத்தில் கன்னியர் மடத்தில் வேலையாளாக இருந்தார். பின் சகாராப் பாலைநிலத்தில், தமன்ராசெத் என்னும் இடத்தில், தனித்து வாழ்ந்தார். 1916 டிசம்பர் முதல் நாள் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் தேடியது பாலைவனத்து அமைதி. தேவசகாயத்துக்கோ பாலைவனமும் இல்லை, மடமும் இல்லை. அரண்மனையில் பணியாற்றியவரை விலங்கிட்டு, ஊர் ஊராக இழுத்துச் சென்று, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அத்தனை கூச்சலுக்கு நடுவில், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், அவர் செபித்தார். சாலை ஓரத்தில் வீடு இருக்கிறது, பேருந்துச் சத்தத்தில் செபிக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நம் தாய்மார்கள் கேட்பார்கள்: "சாமி, காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் பத்து மணி, எங்களுக்கு ஏது நேரம்?" நியாயமான கேள்வி. பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். படிப்புக் குறைவு, கால் ஊனம், சமையற்கட்டில் வேலை. கோயிலில் முழந்தாளிடும்போது இருந்ததைப்போலவே சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவரோடு இருக்கப் பழகிக்கொண்டார். ஆயரின் துணைவர்கூட அவரைத் தேடிவந்து ஆலோசனை கேட்டார். ஆகவே அடுப்படி தடையில்லை. ஆனால் ஆண்களே, ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்குக் காலையில் கால்மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்கும்படி செய்வது உங்கள் கடமை. தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்கினால் என்ன குறைந்துபோய்விடும்?

கால்மணி நேரம் என்றேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நம் ஆண்டவரே கப்பர்நாகூமில் ஊரெல்லாம் வாசலில் கூடிநின்ற ஒரு நாளுக்கு மறுநாள், இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போனார் என்று மாற்கு எழுதுகிறார். வேலை தீர்ந்தபின் போகவில்லை. எல்லாரும் அவரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போனார். காலையில் கைப்பேசியைத் தொடுமுன் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் மனம் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எழுந்து வருகின்ற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் கொடுங்கள்: இது என் கடன், இது என் தம்பி, இது என் கோபம். பிறகு நற்செய்தியில் ஒரு சிறு பகுதி. பிறகு சும்மா இருங்கள். தூக்கம் வந்தால் வரட்டும்; தகப்பன் மடியில் பிள்ளை தூங்குவது குற்றமில்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று எழுந்துவிடாதீர்கள். பல நாள் ஒன்றும் நடக்காது. எனக்கும் அப்படித்தான்.

நாளை முதல் கோயில் கதவு காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும். பாட்டு ஓடாது, ஒலிபெருக்கி இருக்காது. நான் அந்த மூன்றாம் தூணின் அருகில் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் யாரும் பேச வேண்டாம்; பாவசங்கீர்த்தனம் வேண்டுமானால் ஐந்தே முக்காலுக்கு மேல் வரலாம். "மன்றாடுவோமாக" என்றபின் நான் நிற்காமல் ஓடினால், பூசை முடிந்ததும் சாமான் அறைக்கு வந்து யாராவது எனக்கு அதை நினைவூட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது ஆண்டவர் பீடத்தில் எழுந்தருளி இருக்கின்றார். ஆராதனைக்கென்று பாடகர் குழுவினர் நான்கு பாடல்கள் தயாரித்து வந்திருக்கிறார்கள். இரண்டை நாளைக்கு வைத்துக்கொள்வோம். நேற்று நான் உங்களிடமிருந்து பறித்துக்கொண்ட அமைதியை இன்று திருப்பித் தர விரும்புகிறேன். தம்பி, அந்த ஒலிபெருக்கியை நிறுத்திவிடு; மின்விசிறி ஓடட்டும். கோயில்பிள்ளை கால்மணி நேரம் கழித்து மணி அடிப்பார். அதுவரை நானும் வாய் திறக்க மாட்டேன். எல்லாரும் முழந்தாளிடுவோம், முடியாதவர்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.